யாருக்காகவோ போட்ட சாலை: இன்வெர்னஸிலிருந்து கிளாஸ்கோவுக்குச் சரளையில்

சனி: இன்வெர்னஸ் – ஃபோர்ட் அகஸ்டஸ்

ஸ்காட்லாந்தில் கிராவல் சைக்கிள், அதாவது சரளைப் பாதைக்கான சைக்கிள் ஓட்டுபவர்களிடம் நல்ல நீண்ட வழி ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் பலரும் ‘பேட்ஜர் டிவைட்’ என்பார்கள். வடக்கே இன்வெர்னஸில் தொடங்கி, தெற்கே கிளாஸ்கோவில் முடியும். 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அரசாங்கம் அறிவித்த பாதை இல்லை, வழி நெடுக அந்தப் பெயரில் பலகையும் இருக்காது. ஜிபிஎஸ்ஸில் கோட்டை ஏற்றிக்கொண்டு அதன் பின்னால் போக வேண்டியதுதான். நாங்கள் அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, சில இடங்களில் எங்கள் இஷ்டத்துக்கு விலகிப் போவதாகத் திட்டம்.

நாங்கள் என்றால் நானும் என் மச்சினனும். அவன் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறான், இந்த ஊர்க் குளிரும் மழையும் பழகியவன். 45 மி.மீ. டயர் போட்ட கிராவல் பைக் இரண்டு, டியூப் இல்லை, உள்ளே சிறு ஓட்டைகளைத் தானாக அடைக்கும் சீலண்ட் திரவம் மட்டும். சைக்கிள் பிரேமுக்கு நடுவில் ஒரு பை, சீட்டுக்குப் பின்னால் ஒரு பை, ஹேண்டில்பாரில் கூடாரம். எலுமிச்சை சாதம் ஒரு டப்பா, அக்கா கட்டிக் கொடுத்தது. காலை ரயிலில் சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்து இன்வெர்னஸ் வந்து இறங்கினோம்.

மே மாதக் கடைசி. இந்தப் பயணத்துக்கு இதுதான் சரியான காலம் என்று நினைக்கிறேன். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. மிட்ஜ் என்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கடிக்கும் பூச்சிகள் இப்போதுதான் தலைகாட்டத் தொடங்குகின்றன, ஜூலை வந்தால் அவற்றின் ராஜ்யம்.

இன்றைய பாதை கிரேட் கிளென் வே என்ற நெடுநடைப் பாதை. நெஸ் ஆற்றங்கரையில் சாதுவாகத் தொடங்கி, ஊர் முடிந்ததும் நேராக மேட்டில் ஏற்றிவிடுகிறது. அப்ரியாகன் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 380 மீட்டர் வரை ஏறினோம். மஞ்சள் பூத்த முட்புதர்கள், பிர்ச் மரங்களுக்கு அடியில் நீலப் பூக்கள், எங்கிருந்தோ விடாமல் கூவும் குயில். இது நம்மூர்க் குயில் அல்ல, கடிகாரத்தில் கூவுமே, அந்த ‘குக்கூ’ ஜாதி.

லாக் நெஸ் ஏரியைப் பற்றி எல்லோரும் அந்த ராட்சத மிருகத்தைத்தான் கேட்பார்கள். எனக்கு வியப்பு தண்ணீரின் அளவுதான். நீளம் 37 கிலோமீட்டர், ஆழம் 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள ஏரிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதில் உள்ள நீர் வராது. பாதையிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு இடையில் கருத்த கோடாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ட்ரம்னாட்ராக்கிட்டைத் தாண்டியதும் காட்டுக்குள் அகலமான சரளைச் சாலை. ஓட்டுவதற்கு அவ்வளவு வாகாக இருந்தது. “சைக்கிள்காரனுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு மாமா” என்றான் மச்சினன். சைக்கிள்காரனுக்கு யார் போடுவார்கள்? இது மர லாரிக்குப் போட்டது. முதல் உலகப்போரில் மரம் பற்றாக்குறையாகி, 1919-இல் பிரிட்டன் வனத்துறை ஆணையத்தைத் தொடங்கியது. அமெரிக்க மேற்குக்கரையைச் சேர்ந்த சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் இந்த ஈர மண்ணில் மளமளவென்று வளர்வதைப் பார்த்து மலை மலையாக நட்டார்கள். வளர்ந்த மரத்தை வெளியே கொண்டுவர 44 டன் லாரி ஏற வேண்டும். அதற்காகக் காட்டுக்குள்ளேயே பாறையை வெட்டி, உடைத்து, பரப்பி, உருட்டி, இரு பக்கமும் வடிகால் விட்டுச் சாலை போட்டார்கள். ஏற்றம் லாரிக்குத் தோதாக இருப்பதால் நம் முழங்காலுக்கும் தோதாக இருக்கிறது.

மாலை ஃபோர்ட் அகஸ்டஸில் கலிடோனியன் கால்வாயின் ஐந்தடுக்கு மதகில் படகு ஒன்று படிப்படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எலுமிச்சை சாதத்தை முடித்தோம். தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1822-இல் திறந்த கால்வாய்.

ஞாயிறு: கோரியேரிக் கணவாய்

இந்தப் பயணத்தில் நான் உண்மையிலேயே பயந்துகொண்டிருந்த நாள் இது. ஃபோர்ட் அகஸ்டஸ் கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது, கணவாயின் உச்சி 770 மீட்டர். நடுவில் இறங்கி மூச்சு வாங்க ஒரு கிராமம் கிடையாது, டீக்கடை கிடையாது.

சாலை 1731-இல் போடப்பட்டது. போட்டவர் ஜெனரல் ஜார்ஜ் வேட். நாடிழந்த ஸ்டூவர்ட் மன்னர் வம்சத்தைத் திரும்பக் கொண்டுவரத் துடித்த ஜாக்கோபைட்டுகளை அடக்கிவைக்க, மலைநாட்டுக்குள் படையும் பீரங்கியும் போக வேண்டும் என்று லண்டன் அரசு இவரை அனுப்பியது. வேட் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் சாலை போட்டார். கோரியேரிக்கில் மட்டும் சுமார் 500 சிப்பாய்கள் ஒரே பருவத்தில் வேலையை முடித்தார்கள். பள்ளம் தோண்டி, அடியில் பெரிய கல், மேலே சிறிய கல், அதற்கும் மேலே சரளை. அகலம் 16 அடி.

இதில் வேடிக்கை அடுத்து நடந்ததுதான். 1745-இல் இளவரசர் சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட் படை திரட்டியபோது, யாரை அடக்கப் போட்டார்களோ அவர்களே இந்தச் சாலையில் ஜம்மென்று அணிவகுத்துத் தெற்கே போனார்கள். எதிர்க்க வந்த அரசுத் தளபதி ஜான் கோப், கணவாயில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து படையை இன்வெர்னஸ் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு நூற்றைம்பது வருடம் போல மாட்டு மந்தைகள் இதே வழியாகத் தெற்குச் சந்தைகளுக்கு நடந்தன.

சிப்பாய்களின் சரளை இன்று பெரும்பாலும் மழையோடு போய்விட்டது, மிஞ்சியிருப்பது அடிக்கல். தேங்காய் அளவுக் கற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கின்றன. கீழ்ப்பாதியில் ஓட்ட முடிந்தது, நிமிடத்துக்கு நிமிடம் கியரைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் குறைக்க ஒன்றும் இல்லாமல் போனது. அப்புறம் ஓட்டுவதும் தள்ளுவதுமாக மாறி மாறி. இதில் கௌரவம் பார்க்கக் கூடாது. ஓட்டுபவனும் தள்ளுபவனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகிறார்கள், தள்ளுபவனுக்குச் சுற்றிலும் பார்க்க நேரம் கிடைக்கிறது.

பார்க்க என்ன இருக்கிறது? முதலில் மின்கோபுரங்கள். பியூலியிலிருந்து டென்னி வரை போகும் உயர் அழுத்த மின்பாதை கணவாயைத் தாண்டித்தான் போகிறது. அழகைக் கெடுத்துவிட்டது என்று திட்டாதவர்கள் குறைவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படை போன வழி, மாடு போன வழி, இப்போது மின்சாரம் போகிறது. மலையைத் தாண்ட இதுதான் லேசான இடம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கோபுரத்தைக் கட்ட வந்த வண்டிகளுக்காகச் சில இடங்களில் பாதையைச் செப்பனிட்டும் இருக்கிறார்கள். அந்தத் துண்டுகளில் மட்டும் நாங்கள் மனிதர்களைப் போல ஓட்டினோம்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. வடக்குச் சரிவின் மடிப்புகளில் இன்னும் அழுக்கு வெள்ளையாகப் பனித் திட்டுகள். ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

தெற்கே இறக்கம் கொண்டை ஊசி வளைவுகளாகத் தொடங்குகிறது. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்து, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து இறங்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் கல்லில் வழுக்கும். நாலாவது வளைவோ ஐந்தாவதோ, முன்னால் போன மச்சினனின் பின்சக்கரத்திலிருந்து ‘ஷ்ஷ்’ என்று சத்தம். டயரின் பக்கவாட்டில் கூரான கல் கிழித்திருக்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற வெள்ளைப் பால் போல சீலண்ட் துடித்துத் துடித்து வெளியே வந்து அவன் முதுகெல்லாம் புள்ளி குத்தியது. கிழிசல் ஒரு செ.மீ. இருக்கும், சீலண்ட் தானாக அடைக்காது. ரப்பர் திரியை ஊசியில் கோத்துக் கிழிசலுக்குள் குத்தி, சடக்கென்று ஊசியை உருவினேன். ஒரு திரி போதவில்லை, பக்கத்தில் இன்னொன்று. சக்கரத்தைத் திருப்பி ஓட்டை கீழே வருகிற மாதிரி வைத்து, சீலண்ட் அங்கே தேங்கிக் காயும்வரை காத்திருந்து, பிறகு காற்றடித்தோம். நின்றது.

“கிளாஸ்கோ வரைக்கும் தாங்குமா மாமா?”

“லாகன் வரைக்கும் தாங்கட்டும்டா, அப்புறம் பார்க்கலாம்.”

மெல்கார்வ் தாண்டியதும் பாதை சமமாகிவிடுகிறது. கூடவே ஓடுகிறது ஸ்பே ஆறு. இங்கே தாண்டிக் குதிக்கலாம் போல ஓடை. விஸ்கி குடிப்பவர்களுக்கு இதே ஆறு கீழே போய் எதற்குப் பெயர் வாங்குகிறது என்று சொல்லத் தேவையில்லை. கார்வா பாலம் வேட் கட்டிய காலத்து இரட்டை வளைவோடு அப்படியே நிற்கிறது, இன்றும் கார் போகிறது. அதன் கீழே தண்ணீரில் காலை நனைத்தபோது பாதம் மரத்துப்போனது. லாகனுக்கு முன்னால் ஸ்பேயை மறித்து ஓர் அணை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. ஆற்று நீரை மேற்கே திருப்பி, ஃபோர்ட் வில்லியம் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்கக் கட்டியது.

திங்கள்: லாகன் – லாக் ஓசியன்

(இதை மறுநாள்தான் போட முடிந்தது. ஓசியனில் சிக்னல் இல்லை.)

லாக் லாகன் ஏரியின் கிழக்கு முனையில் பெரிய மணற்கரை இருக்கிறது. கடற்கரை என்று நினைத்துக்கொண்டால் தப்பில்லை. அங்கிருந்து ஆர்ட்வெரிக்கி எஸ்டேட்டுக்குள் நுழைந்தோம். வாசலில் கோபுரம் வைத்த மாளிகைக் காவல் வீடு, ‘தனியார்’ வாசனை பலமாக அடிக்கிற இடம். விக்டோரியா ராணி 1847-இல் வந்து தங்கிய எஸ்டேட். உள்ளே போகலாமா என்று தயங்க வேண்டியதில்லை. 2003-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, நிலம் யாருடையதாக இருந்தாலும் பொறுப்போடு நடக்கவும், சைக்கிளோட்டவும், கூடாரமடித்துத் தங்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. வீட்டு முற்றம், பயிர் நிற்கும் வயல் மாதிரியான இடங்கள்தான் விலக்கு. பதிலுக்கு நம்மிடம் கேட்பது: திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியும் விட்டுப் போவது, ஆடுகள் குட்டி ஈனும் காலத்தில் தள்ளிப் போவது, மரம் வெட்டுகிறார்கள் என்று பலகை இருந்தால் சுற்றிப் போவது. இங்கிலாந்தில் இப்படிச் சட்டம் கிடையாது. இந்த வழி ஒரு வழியாகச் சேர்ந்திருப்பதே இந்தச் சட்டத்தால்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை.

லாகன் நா ஹெர்பா என்ற இரட்டை ஏரிகளின் கரையோரம் போகும் பாதை, இதுவரை ஓட்டியதில் சிறந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் செங்குத்துப் பாறை, நடுவில் கெட்டியான பொடிச் சரளை. வேட்டைக்கு வரும் கனவான்களுக்கும், சுட்ட மானைக் குதிரையில் ஏற்றிக் கீழே கொண்டுவரவும் இந்த மலைகளில் எஸ்டேட்டுகள் போட்ட தடங்கள் இப்படி நிறைய. டயரில் திரி இரண்டும் அசையவில்லை.

பிறகு ஸ்ட்ராத் ஓசியன் பள்ளத்தாக்கில் நீண்ட, சலிப்பான மேடு, எதிர்காற்று, சாரல். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஓசியன் ஏரியைச் சுற்றி மரங்கள் நிற்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அதற்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சதுப்பு. எஸ்டேட்டின் உரிமையாளராக இருந்த ஜான் ஸ்டர்லிங் மாக்ஸ்வெல் இந்த உயரத்தில், இந்தக் கரிச்சேற்றில் மரம் வளருமா என்று சோதித்துப் பார்த்தார். பின்னாளில் வனத்துறை ஆணையத்துக்குத் தலைவராகவும் ஆனார். சனிக்கிழமை நாங்கள் ஓட்டிய காட்டுக்கு அண்ணன் முறை இந்தக் காடு.

ஏரியின் மேற்கு முனையில் ஒரு விடுதி, அதற்கப்பால் கோரவர் ரயில் நிலையம். 408 மீட்டர், பிரிட்டனின் பிரதான ரயில் பாதையில் இதுவே உயரமான நிலையம். பொதுச் சாலை எதுவும் இங்கே வருவதில்லை. ரயிலில் வர வேண்டும், அல்லது எங்களைப் போல. 1894-இல் திறந்த இந்தப் பாதை ரானக் மூர் சதுப்பின் மேல் கிட்டத்தட்ட மிதக்கிறது. எவ்வளவு மண் கொட்டினாலும் சேறு விழுங்கியதால், சுள்ளியும் வேரும் கட்டுக் கட்டாகப் போட்டு, அதன் மேல் மண்ணும் சாம்பலும் கொட்டித் தண்டவாளத்தைக் கிடத்தினார்கள். பிளாட்பாரத்துக்கு இருபது அடி தள்ளி ஒரு செம்மான், கொம்பில் வெல்வெட்டு மாதிரி தோல், எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தது.

செவ்வாய்: ரானக் – கிளென் லயன்

காலையில் மிட்ஜ். காற்று நின்ற அரை மணி நேரத்தில் கூடாரத்தைச் சுருட்டுவதற்குள் கழுத்து, காது, இமை எல்லாம் தடித்துவிட்டது. கொஞ்சம் காற்று வீசினாலும் அவற்றால் பறக்க முடியாது. ஆகவே எப்போதும் மேட்டில், காற்றடிக்கிற பக்கம் கூடாரம் போடுங்கள். உண்ணியையும் தினம் ஒரு முறை பாருங்கள். முழங்காலுக்குப் பின்னால் எனக்கு ஒன்று கிடைத்தது, எள்ளளவு. கொக்கிக் கருவியால் முறுக்கி முழுதாக எடுத்துவிட வேண்டும், நசுக்கக் கூடாது. லைம் நோய் இதனால்தான் பரவுகிறது.

கோரவரிலிருந்து ரானக் சாலைக்கு இறங்கும் மலைத் தடத்தில் மூர் முழுவதும் விரிந்து கிடக்கிறது. பழுப்பு, கறுப்பு, நடுநடுவே வெள்ளித் தண்ணீர். ஆள் அரவமே இல்லை. தார்ச்சாலை வந்ததும் டயரின் ஓசை மாறியது.

ரானக் ஏரியின் தென்கரையில் பிளாக் வுட். பழைய கலிடோனியப் பைன் காட்டின் மிச்சம். சிட்கா தோப்பில் நாலு நாள் இருந்துவிட்டு இங்கே நுழைந்தால் வித்தியாசம் முகத்தில் அடிக்கிறது. அங்கே வரிசை, இருட்டு, கீழே ஒன்றும் முளைக்காது. இங்கே ஒவ்வொரு மரமும் ஒரு பக்கம் வளைந்து, பட்டை ஆரஞ்சு நிறத்தில் உரிந்து, அடியில் காட்டு பெர்ரிச் செடியும் எறும்புப் புற்றும். இடுப்புயரப் புற்று ஒன்றைக் குனிந்து பார்த்தேன். பைன் ஊசிகளாலேயே கட்டியது, மொத்தமும் கொதிப்பது போல அசைகிறது.

ஏரிக்குக் கிழக்கே கூம்பு வடிவில் ஷீஹாலியன் மலை. 1774-இல் வானியலாளர் நெவில் மாஸ்கலின் இதன் இரு பக்கமும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலையின் ஈர்ப்பு அதை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, அதிலிருந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிட வழிசெய்தார். மலையின் அளவைக் கணக்கிடும் வேலையில் சார்லஸ் ஹட்டன் சம உயரக் கோடுகளைப் பயன்படுத்தினார். எங்கள் ஜிபிஎஸ்ஸில் ‘இன்னும் மேடு இருக்கிறது’ என்று பயமுறுத்துவதும் அதே கோடுகள்தான்.

கேரியிலிருந்து லேரிக் கணவாய் வழியாகக் கிளென் லயனுக்குள் இறங்கினோம். ஏற்றம் காட்டுச் சாலை, இறக்கம் புல்லும் கல்லும். பள்ளத்தாக்கு பசேல் என்று, ஆறு வளைந்து வளைந்து. பாலத்தருகே டீக்கடை திறந்திருந்தது: பருப்பு சூப், ஸ்கோன், ஜாம். இரண்டு முறை வாங்கினோம்.

புதன்: கில்லின் – காலாண்டர்

காலையிலேயே பென் லாயர்ஸ் மலையோரத் தார்ச்சாலையில் கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரம் வரை ஏற்றம், நடுவில் நீர்மின் அணை, பிறகு டே ஏரி வரை ஒரே இறக்கம். கில்லினில் டாக்கர்ட் அருவியைப் பார்க்கப் பாலத்தில் அவ்வளவு கூட்டம், கார்களுக்கு இடையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம்.

கிளென் ஓகிளில் பழைய ரயில் பாதை. 1965-இல் பாறை சரிந்து மூடிய பாதை, இப்போது தேசிய சைக்கிள் வழித்தடம் 7. பன்னிரண்டு வளைவுகள் கொண்ட கல் மேம்பாலத்தின் மேல் சைக்கிளோட்டலாம். ரயில் ஏறுகிற சாய்வு என்பதால் கால் வலிக்கவே இல்லை. லப்னெய்க் ஏரியின் மேற்குக் கரையும் அதே மாதிரி. மழை பெய்தது, நின்றது, பெய்தது. காலாண்டரில் மீனும் சிப்ஸும்.

தங்குவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இது லாக் லோமண்ட் – ட்ரோசக்ஸ் தேசியப் பூங்கா. ஏரிக்கரைகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை குறிப்பிட்ட பகுதிகளில் கூடாரம் போட அனுமதிச் சீட்டு வேண்டும். ஊருக்குள் ஓர் அறை எடுத்துவிட்டோம், துணி காய வேண்டுமே.

வியாழன்: அபர்ஃபாயில் – கிளாஸ்கோ

அபர்ஃபாயிலைச் சுற்றியுள்ள குயீன் எலிசபெத் வனத்தில் சரளைச் சாலைகள் வலைபோலக் கிடக்கின்றன. ‘கிராவல்ஃபாயில்’ என்றே இப்போது விளம்பரப்படுத்துகிறார்கள். முதல்முறை கிராவல் ஓட்டுபவர்கள் கோரியேரிக் பக்கமே போகாமல், ரயிலில் ஸ்டிர்லிங் வந்து, இங்கே இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போகலாம். குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

ஊருக்குத் தெற்கே லாக் ஆர்ட் காட்டுக்குள் டிரிம்மன் போகும் வழியில், மரங்களுக்கு இடையே ஆளுயரத்துக்கு மேல் உருண்டையான கல் கட்டடங்கள் வரிசையாக வந்தன. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, மேலே இரும்புக் கிராதி. காதை வைத்தால் அடியில் இரைச்சல். மச்சினன் சிரித்தான். “மாமா, நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணிதான் இது.”

உண்மைதான். 1848-இலும் 1853-இலும் காலரா வந்து கிளாஸ்கோவில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கிளைட் ஆற்றுத் தண்ணீரை இனிக் குடிக்க முடியாது என்று முடிவாகி, மலைக்குள் இருக்கும் காட்ரின் ஏரியிலிருந்து நீர் கொண்டுவர ஜான் ஃபிரெடரிக் பேட்மன் என்ற பொறியாளர் திட்டம் போட்டார். 1859-இல் விக்டோரியா திறந்துவைத்தார். சுரங்கமும் பாலமுமாக 40 கிலோமீட்டருக்கு மேல், பம்ப்பே இல்லை. மைலுக்குச் சுமார் 10 அங்குலச் சரிவில் தானாகவே மல்கை வரை வருகிறது, இன்றும். இந்தக் கல் கட்டடங்கள் சுரங்கத்துக்குக் காற்றுப் போகும் வாய்கள். பக்கத்தில் போகும் எங்கள் சாலை, சுரங்கத்தைப் பராமரிக்கவும் மரம் ஏற்றவும் ஆனது. 10 அங்குலச் சரிவு எங்களுக்கு மட்டும் வாய்க்கவில்லை, மேலும் கீழுமாகவே போனோம்.

டிரிம்மனிலிருந்து மல்கை வரை வெஸ்ட் ஹைலேண்ட் வே என்ற நெடுநடைப் பாதை. எதிரே வடக்கு நோக்கி முதுகில் பெரிய பையோடு நடப்பவர்கள் ஏராளம். மணி அடித்து, நின்று, வணக்கம் சொல்லி, ஒதுங்கி, மறுபடி ஏறி என்று சுமார் இருபது கிலோமீட்டர் போனதே தெரியாமல் நேரம் ஓடிவிட்டது. சனி, ஞாயிறில் இந்தத் துண்டைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன்.

கடைசியில் கெல்வின் ஆற்றங்கரை நடைபாதை. சேறு, நாய், குழந்தை வண்டி. நகரத்துக்குள் வந்துவிட்டது திரும்பிப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஆறு மணிக்கு மச்சினன் வீட்டு மாடிப்படியில் சைக்கிளைத் தூக்கினோம். பின்பிரேக் பேட் இரண்டு பேருக்கும் உலோகம் தெரியத் தேய்ந்திருந்தது, செயின் மணலாக உரசியது. அவன் டயரை மாற்றச் சொன்னேன். திரி இரண்டும் உள்ளே கெட்டியாக இருக்கிறதே, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்கிறான். அக்கா குழம்பு வைத்திருக்கிறாள், மீதியைச் சாப்பிட்டுவிட்டு அவனிடம் பேசிக்கொள்கிறேன்.